மஞ்சள் போன இலை

மீட்டர் 21,000 ரூபாய் என்று நான் சொன்னதும் மாஸ்டர் கையிலிருந்த கத்தரியை மேஜைமேல் வைத்தார், கையை லுங்கியில் ஒருமுறை துடைத்துக்கொண்டார், அதற்கப்புறம்தான் துணியைத் தொட்டார். முப்பத்தைந்து வருஷமாகத் திரைச்சீலை வெட்டுகிற கை அது. சிந்தாதிரிப்பேட்டையில் அப்பா ஆரம்பித்த எங்கள் கடைக்கு (கடை என்று ஒரு மரியாதைக்குச் சொல்வது, மாடியில் நாலு மெஷினும் பதினெட்டு அடியில் ஒரு மேஜையும்தான்) நான் அரைக்கால் டிராயர் போட்ட காலத்திலேயே வந்து சேர்ந்தவர். சூரத்து பாலியெஸ்டரிலிருந்து அசல் பட்டு வரை எதைக் கொடுத்தாலும் ஒரே மாதிரி உதறி விரிப்பார். இதை மட்டும் உதறவில்லை.

துணி எங்களுடையது இல்லை. அடையாறில் புதிதாகக் கட்டி முடித்த ஒரு வீட்டுக்கு, அந்த வீட்டு மேடமே ஐரோப்பாவிலிருந்து வரவழைத்தது. எங்களுக்குத் தையல் கூலி மட்டும். எந்தப் பூ எந்த உயரத்தில் வரவேண்டும் என்று பார்த்துக்கொள்ள, கூடவே சாம்பிள் புத்தகத்தையும் கொடுத்தனுப்பியிருந்தார். கல்யாண ஆல்பம் கனம். பயணங்களில் கண்ட தொலைதூரக் கலாசாரங்களின் தூண்டுதலில் பிறந்த துணிகள் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள். புரட்டினால் ஒரு பக்கம் சமர்கந்து, ஒரு பக்கம் மராக்கேஷ், ஒரு பக்கம் ஜெய்ப்பூர். நாங்கள் வெட்ட வேண்டிய துணி இருந்த பக்கத்தில் சோழமண்டலக் கரை.

சோழமண்டலக் கரை எங்கள் கடையிலிருந்து ஆட்டோவுக்கு நூறு ரூபாய்.

அன்றைக்குச் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தேன். ஆனால் அந்தத் "தொலைதூர" என்கிற வார்த்தை செருப்புக்குள் மாட்டிய மணல் மாதிரி கூடவே வந்தது. யாருக்குத் தொலைதூரம்? சரி, அவர்களுக்குத்தான். அவர்கள் ஊரில் உட்கார்ந்து எழுதினால் அப்படித்தான் எழுதுவார்கள். ஆனால் அந்தப் புத்தகம் இப்போது இருப்பது சிந்தாதிரிப்பேட்டை மேஜைமேல், அந்தத் துணி மாட்டப்போவது அடையாற்று ஜன்னலில். மாடியில் நின்றால் அந்த வீட்டிலிருந்து கடலே தெரியும். சோழமண்டலக் கரையின் நினைவாக ஒரு திரையை மாட்டி, சோழமண்டலக் கரையை மறைக்கப் போகிறோம்.

துணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைத் தரையில் (தரை என்பது எங்கள் பேச்சு, பூவுக்குப் பின்னால் இருக்கிற வெறும் இடம்) அடியில் மீன் செதிளை அடுக்கிய மாதிரி ஒரு பாறைக் குவியல். அதிலிருந்து பாம்பு மாதிரி நெளிந்து மேலே போகிற ஒரு அடிமரம். கிளைக்குக் கிளை வேறு வேறு பூ. ஒன்று தாமரை மாதிரி, ஒன்று பாதியாக நறுக்கிய மாதுளை மாதிரி, இன்னொன்றுக்குள் இன்னொரு பூவே இருந்தது. இடையிடையே வாலை விரித்த இரண்டு பறவைகள். இலைகள் ரம்பப் பல்லோடு சுருண்டு சுருண்டு, எல்லாமே நீலம். மாஸ்டர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது என்ன மரம் தம்பி? ஒரே மரத்துல ஆறு தினுசு பூ. இலை வேற நீலம்."

"நம்ம ஊர் மரமாம் மாஸ்டர்."

"நம்ம ஊர்ல எங்க?"

எனக்குத் தெரியவில்லை.

இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்கு ஒரு கணக்கு. ஜன்னல் உயரம் 275 செ.மீ. மேலே மடிப்பு, கீழே மடிப்பு என்று 25 சேர்த்தால் ஒரு பேனலுக்கு 300 போதும். ஆனால் இந்த டிசைன் 92 செ.மீ.க்கு ஒருமுறைதான் திரும்ப வரும். எட்டு பேனலிலும் பறவை ஒரே உயரத்தில் உட்கார வேண்டுமென்றால் மூன்று ரிப்பீட் பத்தாது, நாலு வெட்ட வேண்டும், அதாவது 368. பேனலுக்கு 68 செ.மீ. வெட்டுத்துண்டாகப் போகும். எட்டுக்கு ஐந்தரை மீட்டர். ஒரு லட்சத்துக்கு மேல் வெட்டுத்துண்டிலேயே போகிறது. மாஸ்டர் இந்தக் கணக்கை என்னிடம் மூன்று தடவை போடச் சொன்னார். அப்புறம் அன்றைக்கு வெட்டவில்லை, மறுநாள் காலையில் விளக்கேற்றிவிட்டு வந்து வெட்டினார்.

சீட்டி

நண்பன் ஒருவன் இருக்கிறான், எதற்கும் ஒரு வாக்கியத்தில் தீர்ப்புச் சொல்வான். போட்டோ அனுப்பினேன். "நம்மகிட்டேர்ந்து திருடி நமக்கே விக்கிறான்" என்று பதில் வந்தது. முதலில் எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் இந்தப் பதிலில் ஏதோ சுலபமாக இருந்தது, அந்தச் சுலபம்தான் இடித்தது. இரவில் கடையைச் சாத்திவிட்டுப் போனில் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க அவனுடைய வாக்கியம் தேய்ந்துகொண்டே போனது.

எங்கள் ஆத்தா பூப்போட்ட மலிவுத் துணியைச் சீட்டி என்பாள். தீபாவளிக்கு மில் துணி, மற்ற நாளுக்குச் சீட்டிப் பாவாடை. இங்கிலீஷ்காரர்கள் சின்ட்ஸ் என்று சொல்வதும் இதே சொல்தான், புள்ளி தெளித்தது என்று பொருள்படும் வடக்கத்திச் சொல் ஒன்று இங்கே சீட்டியாகவும் அங்கே சின்ட்ஸாகவும் ஆனது. அங்கேயும் அதற்கு ராஜ வாழ்வு, அப்புறம் நாய் படாத பாடு. 1663 செப்டம்பரில், லண்டன் கடற்படை அலுவலகத்தில் வேலை பார்த்த சாமுவேல் பெப்பிஸ் தன் மனைவியின் அறைச் சுவருக்கு அடிக்க இந்தியாவில் தீட்டிய துணி ஒன்று வாங்கியதாக நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். சட்டை தைக்க வாங்கவில்லை, சுவருக்கு. எங்கள் தொழில்தான். அடுத்த ஐம்பது வருஷத்தில் கட்டில், நாற்காலி, ஜன்னல் என்று எல்லாவற்றிலும் இது ஏறிக்கொண்டது. சலவைக்குச் சலவை சாயம் போகாத, அதற்குமேல் பளிச்சென்று ஆகிற பருத்தித் துணியை அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை.

உள்ளூர் நெசவாளி வயிற்றில் அடித்தால் அவன் சும்மா இருப்பானா? பிரான்ஸ் 1686இல் தடை போட்டு 1759 வரை எடுக்கவில்லை. இங்கிலாந்தில் 1700இல் வந்த சட்டம் இறக்குமதியைத் தடுத்தது, ஜனங்கள் வெள்ளைத் துணியை வாங்கி அங்கேயே அச்சடித்துக்கொண்டார்கள். 1719இல் லண்டன் பட்டு நெசவாளர்கள் தெருவில் சீட்டி உடுத்திப் போன பெண்களின் துணியையே கிழித்தார்கள். 1721இல் இன்னொரு சட்டம். உடுத்தக் கூடாது, அதோடு கட்டில், நாற்காலி, குஷன், ஜன்னல் திரை எதிலும் போடக் கூடாது என்று வரிசையாக எழுதிய சட்டம். ஜன்னல் திரை என்று பெயர் சொல்லி ஒரு நாட்டின் பாராளுமன்றம் தடை போட்டிருக்கிறது என்பதை மாஸ்டரிடம் சொன்னேன். "அப்ப நாம ஜெயிலுக்குத்தான்" என்றார்.

தடை இருந்தால் ஆசை கூடும், நமக்குத் தெரியாததா. லண்டனின் பெரிய நடிகர் டேவிட் காரிக்கின் மனைவிக்குக் கல்கத்தா வணிகர்கள் கட்டிலுக்கான தொங்கல் துணியைப் பரிசாக அனுப்பினார்கள், சோழமண்டலக் கரையில் தீட்டியது. சுங்கக்காரர்கள் பறித்து வைத்துக்கொண்டார்கள். விட்டுவிடச் சொல்லி 1775இல் காரிக் அதிகாரி ஒருவருக்குக் கெஞ்சலும் கேலியுமாகக் கடிதம் எழுதினார். அந்தக் கட்டில் இன்றைக்கு லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது.

இதெல்லாம் முடிந்து, அச்சு மெஷின் வந்து, அங்கேயே மூட்டை மூட்டையாக அடிக்க ஆரம்பித்தபோது சின்ட்ஸ் மலிந்தது. சின்ட்ஸி என்றால் இங்கிலீஷில் இன்றைக்கு மட்டமான ரசனை என்று பொருள். 1996இல் ஐக்கியா கம்பெனி இங்கிலாந்தில் "உங்கள் சின்ட்ஸைத் தூக்கி எறியுங்கள்" என்றே விளம்பரம் போட்டது. ஆத்தா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். அப்புறம் என்ன ஆனதோ, தூக்கி எறிந்தது மறுபடி மீட்டர் 21,000 ஆகித் திரும்பி வந்திருக்கிறது. பெயர் மட்டும் மாறிவிட்டது. சின்ட்ஸ் போய், கலாசாரம்.

வெள்ளைத் தரை கேட்டவர்கள்

திருட்டு என்கிற கணக்கு எனக்கு உடைந்தது ஒரு பழைய கடிதத்தில். 1643இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் முதலாளிகள் இந்தியாவில் இருந்த தங்கள் ஆட்களுக்கு எழுதியது. நீங்கள் அனுப்புகிற விரிப்புகள் பெரும்பாலும் மங்கலான சிவப்புத் தரையில் வருகின்றன, இங்கே எடுபடவில்லை, இனிமேல் வெள்ளைத் தரை அதிகமாக இருக்கட்டும், நடுவில் பூவும் கிளையும் வண்ணத்தில் வரட்டும், அதைத் தீட்டுகிறவர் இஷ்டப்படி செய்யட்டும் என்கிற பொருளில். நான் இதைப் படித்தது ராத்திரி பதினொன்றரைக்கு. எழுந்து போய் விளக்கைப் போட்டு மேஜையில் கிடந்த துணியைப் பார்த்தேன். வெள்ளைத் தரை. நடுவில் கிளை, பூ.

ஒவ்வொரு வாரமும் எனக்கு வருகிற வாட்ஸாப் செய்தி இதுதான் என்று சொன்னால் நம்புவீர்களா. "அந்த மெரூன் ரொம்ப டல்லா இருக்கு, பேக்ரவுண்ட் ஆஃப் வொயிட்டா பண்ணிடுங்க, மத்தது உங்க இஷ்டம்." முன்னூற்று எண்பது வருஷம் முன்னால் யாரோ ஒரு கம்பெனிக்காரர் இதை எழுதி, கப்பலில் ஏற்றி, அது மாசக் கணக்கில் மிதந்து வந்து, யாரோ ஒரு துபாஷ் (இரண்டு பாஷையும் தெரிந்த இடையாள்) அதைச் சொல்லி, கடைசியில் கடலோரக் குடிசையில் குந்தியிருந்த ஒருவர் சிவப்புத் தரையை விட்டுவிட்டு வெள்ளையில் மரம் போட ஆரம்பித்திருக்கிறார். மாதிரித் துணிகளும் படங்களும் கப்பலில் வந்தன. அந்தப் பாறைக் குவியலில் சீனச் சாயல், பூக்களில் பாரசீகச் சாயல், ரம்பப் பல் இலை ஆங்கிலேயர்கள் கம்பளி நூலில் போட்ட பூவேலைக்குச் சொந்தம். மாஸ்டர் கேட்டது சரி, அது எந்த ஊர் மரமும் இல்லை. இங்கே உட்கார்ந்திருந்தவர் தான் பார்த்தேயிராத தேசத்துக்காரரின் மனசில் இருந்த தொலைதூரத்தை அனுமானித்துத் தீட்டியிருக்கிறார். தொலைதூரக் கலாசாரத்தின் தூண்டுதல் என்றால் அவருக்கும்தான் அது பொருந்தும். பயணம் மட்டும் அவர் போகவில்லை. போனது துணி.

ஐரோப்பாவுக்கு மட்டும் என்றில்லை. இதே கரையின் ஆட்கள் சயாம் (இன்றைய தாய்லாந்து) அரசவைக்கு அங்கத்து உருவங்களோடு தீட்டினார்கள், ஜப்பானுக்கு அவர்கள் ருசிக்குச் சின்னச் சின்னப் பூவாகத் தீட்டினார்கள், மதராஸில் தீட்டிய பலிபீடத் திரைகள் அர்மேனிய தேவாலயங்களுக்குப் போயின. ஆர்டர் பிடிக்கத் தெரிந்த தொழில்காரர்கள். அவர்களை ஏமாந்த அப்பாவிகளாக ஆக்கி நாம் கண்ணீர் விடுவது அவர்களுக்கே பிடிக்காது என்று நினைக்கிறேன். ஏமாற்று நடக்காமலும் இல்லை. 1742இல் புதுச்சேரிப் பக்கம் இருந்த கேர்து என்கிற பிரெஞ்சுப் பாதிரியார், மதம் மாறிய சாயக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு முழுச் செய்முறையையும் கடிதமாக எழுதிப் பாரிசுக்கு அனுப்பினார். கடுக்காய், எருமைப் பால், படிகாரம், வேர் எல்லாம் அதில் இருந்தது. நண்பன் சொல்கிற திருட்டு அங்கே இருக்கிறது, டிசைனில் இல்லை, ரசாயனத்தில்.

இன்னொன்று, இது எனக்கு நானே வெட்கப்பட்டுக்கொண்டது. 1639இல் பிரான்சிஸ் டே என்கிற கம்பெனிக்காரர் இந்தக் கரையில் இடம் பிடித்ததற்குப் பெரிய காரணமே இங்கே துணி மலிவு என்பதுதான். 1734இல் மார்ட்டன் பிட் என்கிற கவர்னர், நூல் நூற்பவர்கள், நெய்பவர்கள், துணியில் தீட்டுபவர்கள், வெளுப்பவர்கள் குடியிருக்க என்றே கூவம் ஓரத்தில் ஒரு பேட்டையை உண்டாக்கினார். சின்னத் தறிப் பேட்டை. நாற்பத்திரண்டு வருஷமாக நான் விலாசத்தில் எழுதிக்கொண்டிருக்கிற சிந்தாதிரிப்பேட்டை. இப்போது மெஷின் பார்ட்ஸும் மீன் மார்க்கெட்டும் இருக்கிற இடம். எங்கள் மேஜை நிற்கிற இடத்தில் ஒருவேளை யாராவது உட்கார்ந்து தீட்டியிருக்கலாம் என்று எழுத ஆசையாக இருக்கிறது, ஆனால் எங்கள் கட்டடம் 1980களில் கட்டியது, கீழே ஒரு பேரிங் கடை, ஆகவே விட்டுவிடுகிறேன்.

மஞ்சள்

தையல் முடிந்து திரைகளை மாட்டிவிட்டு வந்தாயிற்று. வெட்டுத்துண்டுகளில் குஷனுக்குப் போக மிச்சம் ஒன்றை மேடமே "நீங்க வச்சுக்குங்க" என்று கொடுத்துவிட்டார். ஐப்பசியில் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். சிக்கல்நாயக்கன்பேட்டையில் கலம்காரி தீட்டுகிறவர்கள் இருப்பது தெரியும், கோயிலுக்குத் தொம்பை (உருளையாகத் தொங்கவிடுகிற துணி), வாசமாலை (வாசலுக்குத் தோரணமாகக் கட்டுகிற துணி) எல்லாம் செய்கிறவர்கள். அந்தத் துண்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். எதற்கு என்று கேட்டால் அப்போது பதில் இல்லை.

ஒரு பெரியவர் திண்ணையில் துணியை விரித்துக்கொண்டு வேலையாக இருந்தார். மூங்கில் குச்சி, நுனி கூர், அதற்கு ஒரு அங்குலம் மேலே துணியைச் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டியிருக்கும். சாயத்தில் முக்கினால் அந்தச் சுற்றுத் துணி குடித்துக்கொள்ளும், கோடு இழுக்கும்போது இரண்டு விரலால் லேசாக அழுத்த அழுத்த நுனிக்கு இறங்கும். பேனாவும் அதுதான், மைக்கூடும் அதுதான். பழைய ஆணி, இரும்புத் துண்டு எல்லாம் வெல்லத் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறிய கறுப்பு பக்கத்தில் ஒரு சட்டியில் இருந்தது, வாசனை சொல்லும்படியாக இல்லை. ஒரு யாளியின் முதுகுக்கோட்டை எடுத்த கை எடுக்காமல் வால் வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

துண்டைக் கொடுத்தேன். முதலில் அவர் செய்தது, திருப்பி முதுகைப் பார்த்தது.

"பின்னாடி சாயம் இறங்கலையே."

"அச்சுத் துணிங்கய்யா. வெளிநாடு."

"டிசைன் நம்ம பக்கத்துதுல்ல?"

"அப்படித்தான் போட்டிருக்காங்க."

மறுபடி திருப்பி, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, கட்டை விரலால் ஒரு இலையைத் தேய்த்துப் பார்த்தார். "இலைக்கு மஞ்சள் விட மறந்துட்டாங்களா தம்பி?"

எனக்குப் புரியவில்லை. அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். பழைய முறையில் பச்சை என்று தனியாக ஒரு சாயம் இல்லை. சிவப்பு வரவேண்டிய இடத்தில் படிகாரத்தால் எழுதி, இம்பூறல் என்கிற சாய வேரில் கொதிக்க வைத்தால் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும், மற்ற இடத்தில் ஏறினது சாணித் தண்ணீரிலும் வெயிலிலும் வெளுத்துப் போகும். நீலத்துக்கு, வேண்டாத இடம் முழுக்க மெழுகு பூசி அவுரித் தொட்டியில் முக்க வேண்டும். இலையும் அப்போது நீலமாகத்தான் வெளியே வரும். கடைசியாக, எல்லாம் முடிந்து காய்ந்த பிறகு, நீல இலையின் மேல் மஞ்சள் சாயத்தைக் கையால் ஓட்டினால் அது பச்சையாகும். சிவப்பு நிற்கும், நீலம் நிற்கும், தலைமுறைக்கும் நிற்கும். மஞ்சள் நிற்காது. வெயில் பட்டால், வருஷம் ஆனால், அது மட்டும் கழன்று போய்விடும்.

"அப்புறம் இலை நீலமா நிக்கும். பழைய துணி எல்லாம் அப்படித்தான் இருக்கும்" என்றார், சாதாரணமாக, பால் திரிந்தால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்வது போல.

நான் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். மியூசியங்களில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற இருநூற்றைம்பது வருஷத்துத் துணிகளின் படங்களைத்தான் ராத்திரி ராத்திரியாகப் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன், எல்லாவற்றிலும் இலை நீலம், அதுதான் ஸ்டைல் என்று நினைத்திருந்தேன். தீட்டியவர் பச்சை மரத்தைத்தான் தீட்டி அனுப்பியிருக்கிறார். லண்டன் ஜன்னல் வெளிச்சம் மஞ்சளைத் தின்றுவிட்டது. பழைய துணியைப் பார்த்துப் படியெடுத்தவர்கள், மிச்சம் இருந்த நீலத்தையும் சேர்த்து, இதுதான் இந்தியா என்று எடுத்துக்கொண்டார்கள். எல்லா நீல இலைக்கும் இதுதான் கதை என்று சொல்ல மாட்டேன், பின்னால் வந்தவர்கள் வேண்டுமென்றேயும் நீலம் போட்டிருப்பார்கள். ஆனால் என் கையில் இருந்த துண்டில், சுருண்ட ஒவ்வொரு இலையும், ஒரு சாயம் கழன்றுபோனதன் நகல். அதற்குத்தான் மீட்டர் 21,000. பெரியவர் ஒரு முழுத் தொம்பைக்குச் சொன்ன விலை அதில் அரை மீட்டருக்குக்கூட வரவில்லை.

சாம்பிள் புத்தகத்தின் மற்ற பக்கங்களும் அப்புறம்தான் எனக்குப் பேச ஆரம்பித்தன. சமர்கந்துப் பக்கத்தில் இக்கத் என்று ஒரு டிசைன், ஓரங்கள் எல்லாம் இறகு மாதிரி கலங்கியிருக்கும். நூலைக் கட்டிக் கட்டிச் சாயத்தில் முக்கும்போது கட்டுக்குள் கொஞ்சம் கசிவதால் வருகிற கலக்கம் அது. இங்கே மெஷின், கசியவே வழியில்லாத மெஷின், உட்கார்ந்து அந்தக் கசிவைப் படமாக அச்சடிக்கிறது. அதற்கடுத்த பக்கத்தில் சூசனி, அந்தப் பக்கத்துப் பெண்கள் கல்யாணச் சீராகப் போடுகிற பூவேலை. முழு டிசைனையும் வரைந்துவிட்டு, துணியைப் பட்டை பட்டையாகப் பிரித்து, ஆளுக்கொரு பட்டை எடுத்துப்போய்ப் பூ போட்டு, திரும்பச் சேர்த்துத் தைப்பார்கள். சேரும் இடத்தில் பாதிப் பூ மேலே, பாதி கீழே என்று கொஞ்சம் தப்பி நிற்கும். அந்தத் தப்பையும் அச்சடித்திருந்தார்கள். ஜாயின்ட் மேட்ச் ஆகவில்லை என்று கூலியில் பிடிக்கிற தொழிலில் இருப்பவன் நான். எனக்கு எப்படி இருந்திருக்கும்.

பெரியவர் உள்ளே பார்த்துக் கொஞ்சம் மஞ்சள் தூள் கொண்டுவரச் சொன்னார். "கடுக்காய்ப் பூ காய்ச்ச நேரமாகும், சமையல் மஞ்சள் போதும் சும்மா பாக்கறதுக்கு" என்று உள்ளங்கையில் தண்ணீர் விட்டுக் குழைத்து, வேறொரு குச்சியில் தொட்டு, ஒரே ஒரு இலையில் நரம்போடு நரம்பாக ஓட்டினார். துணியில் ஏதோ பூச்சு இருந்திருக்க வேண்டும், முதலில் முத்து முத்தாக உருண்டது. இரண்டாவது தடவை ஏறியது. நீலம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, மாவிலைக் கொழுந்தும் இல்லாமல் முற்றலும் இல்லாமல் ஒரு பச்சை வந்தது. அத்தனை நீலத்துக்கு நடுவில் அந்த ஒரு இலையைப் பார்த்ததும் முழு மரமும் எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்துவிட்டது.

ஊர் திரும்பி மேடமிடம் சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். ஆறு லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கியவரிடம் போய் உங்கள் இலையில் மஞ்சள் போய்விட்டது என்றால் என்ன நினைப்பார். பேலன்ஸ் வாங்கப் போனபோது சொல்லிவிட்டேன், போட்டோவையும் காட்டினேன். அவர் போட்டோவையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "ரொம்ப இன்ட்ரெஸ்டிங்கா இருக்குங்க. ஆனா எனக்கு நீலம்தான் பிடிச்சிருக்கு" என்றார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. மாலை வெயிலில் அந்த ஹாலில் அந்த நீலம் நிஜமாகவே அழகாகத்தான் இருந்தது, எட்டு பறவையும் ஒரே உயரத்தில் உட்கார்ந்திருந்தன, மாஸ்டரின் கை. பேலன்ஸைக் குறைக்காமல் கொடுத்தார். வரும் வழியில் யோசித்தேன், 1643இல் சிவப்பு வேண்டாம் என்றவரும் இப்படித்தான் மரியாதையாகச் சொல்லியிருப்பார், இங்கே தீட்டியவரும் என்னைப் போலத் தலையாட்டியிருப்பார்.

துண்டைக் கடையில் ஜன்னல் பக்கத்து ஆணியில் மாட்டி வைத்தேன். வருகிறவர்களுக்கெல்லாம் கதை சொன்னேன், மாஸ்டருக்கு அலுத்தே போய்விட்டது. பங்குனி வந்துவிட்டது, அந்த ஜன்னலில் காலை வெயில் நேராக விழும். போன வாரம் மெஷின்காரப் பையன் ஒருவன் புதிதாகச் சேர்ந்தான், அவனுக்கும் காட்டலாம் என்று கூப்பிட்டு நிறுத்தி, இதில் பச்சை இலை எது என்று கேட்டேன். பையன் தேடினான். மாஸ்டரும் எழுந்து வந்து, கண்ணாடியை இறக்கிக்கொண்டு தேடினார்.

"எது தம்பி?" என்றார்.

நானும் கிட்டப் போய்த்தான் பார்க்க வேண்டியிருந்தது.